வயிற்றுக் கொழுப்பை எடுத்து முகத்தில் செலுத்தினால் ஆயுளுக்கும் நிற்குமா?

கேள்வி கேட்டவருக்கு வயது 47. ஒன்றரை ஆண்டில் 16 கிலோ எடை குறைத்திருக்கிறார், எடை குறைப்பு ஊசி இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார். உடம்பு நினைத்தபடி வந்துவிட்டது, முகம்தான் வாடிவிட்டது. கன்னம் ஒட்டி, நெற்றிப்பொட்டில் பள்ளம் விழுந்து, பார்க்கிறவர்கள் எல்லாம் உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று விசாரிக்கிறார்களாம். ஓர் அழகு சிகிச்சை மையத்தில் கேட்டதற்கு, வயிற்றிலிருந்து கொழுப்பை எடுத்து முகத்தில் செலுத்திவிடலாம், சொந்தக் கொழுப்பு என்பதால் பக்கவிளைவே கிடையாது, ஒருமுறை செய்தால் ஆயுளுக்கும் நிற்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். இதை நம்பலாமா, இல்லை பள்ளத்தை நிரப்பும் ஜெல்லான ஃபில்லர் ஊசியே போதுமா, கண்ணுக்குக் கீழே உள்ள பள்ளத்தையும் சேர்த்துச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறார்.

கொழுப்பா ஃபில்லரா என்று கேட்டாலும், உண்மையில் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு இரண்டு விஷயங்கள் என்று நினைக்கிறேன். ஒருமுறை செய்துவிட்டு இதை மறந்துவிடலாமா என்பது ஒன்று. விளைவு சரியில்லை என்றால் பழைய முகத்துக்குத் திரும்ப வழி இருக்கிறதா என்பது இன்னொன்று. நான் பிளாஸ்டிக் சர்ஜன், இந்தச் சிகிச்சையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருபவன். அதனால் விற்கிறவன் பேச்சாகவும் இல்லாமல், பயமுறுத்துகிறவன் பேச்சாகவும் இல்லாமல் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் நேரடியான பதில். முகத்தில் உயிர்பிடித்துக்கொண்ட கொழுப்பு பல ஆண்டுகள் நிற்கும், அது உண்மை. ஆனால் செலுத்தியதில் எவ்வளவு பிடிக்கும் என்று எந்த மருத்துவராலும் முன்கூட்டி உறுதியாகச் சொல்ல முடியாது. அப்படிப் பிடித்த கொழுப்பு உங்களுக்குப் பிடிக்காமல் போனால் அதைக் கரைத்து எடுக்க எளிய வழி இல்லை. பக்கவிளைவே கிடையாது என்று சொன்னது சுத்தப் பொய். அரிதாகத்தான் நடக்கும், ஆனால் கண்பார்வையே போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

சரி, முகம் ஏன் இப்படி ஆகிறது என்பதிலிருந்து வருகிறேன், ஏனென்றால் சிகிச்சை பொருந்துமா பொருந்தாதா என்பது அங்கேதான் தீர்மானமாகிறது. முகத்தின் கொழுப்பு தோலுக்கு அடியில் ஒரே விரிப்பாகப் பரவிக் கிடக்கிறது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தோம். 2007இல் ரோரிக், பெஸ்ஸா என்ற இரண்டு ஆய்வாளர்கள் இறந்த உடல்களின் முகத்தில் நீலச் சாயத்தைச் செலுத்திப் பார்த்தார்கள். சாயம் எங்கும் பரவாமல் குறிப்பிட்ட எல்லைகளுக்குள் தேங்கி நின்றது. அதாவது கன்னம், கண்ணடி (கண்ணுக்குக் கீழ்ப்பகுதி), நெற்றி எல்லாமே தனித்தனி கொழுப்பு அறைகளால் ஆனவை, ஒவ்வொன்றும் தன் போக்கில் இளைக்கும். கன்னத்தின் ஆழத்தில் இருக்கும் அறை வற்றினால் அதற்கு மேலே இருக்கும் தோலும் மேல்மட்டக் கொழுப்பும் தாங்கல் இல்லாமல் கீழே சரியும், மூக்கோரக் கோடு ஆழமாகத் தெரியும். கோடுதானே பிரச்சினை என்று அங்கே மட்டும் நிரப்பிக்கொண்டே போனால் முகம் குரங்கு முகவாய் போல முன்னே தள்ளிக்கொண்டு வரும்.

கொழுப்பு மட்டும் போவதில்லை. வயதாகும்போது கண்குழியின் எலும்பு விளிம்பு அகல்கிறது, மேல்தாடை எலும்பு பின்வாங்குகிறது, தோலைப் பிடித்து வைத்திருக்கும் நார்கள் தளர்கின்றன, தோலே மெலிகிறது. இதில் கொழுப்பு செலுத்துவது ஈடுகட்டுவது இழந்த கன அளவை மட்டும். தொங்கும் தோலை அது தூக்காது. தாடையோரம் தொங்குகிறது, கழுத்துத் தோல் மடிகிறது என்பவர்களுக்கு அளவுக்கு மீறிக் கொழுப்பை அடைத்துத் தோலை இழுத்துப் பிடிக்கப் பார்த்தால் முகம் உப்பிப்போகும், இளமை வராது. எடை வேகமாகக் குறைந்தவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும்: உள்ளே காலி, வெளியே தளர்வு. உங்களுக்கு எது அதிகம் என்று ஓரளவு நீங்களே பார்க்கலாம். மல்லாந்து படுத்துக் கைக்கண்ணாடியில் முகத்தைப் பாருங்கள். படுத்தவுடன் முகம் நன்றாகிவிட்டால் தளர்வின் பங்கு பெரிது. படுத்தாலும் நெற்றிப்பொட்டும் கன்னமும் குழிந்தே இருந்தால் கன இழப்பின் பங்கு பெரிது. இது தோராயமான சோதனைதான், கையால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு ஈடாகாது.

இனி செய்முறை. அடிவயிறு, இடுப்பின் பக்கவாட்டு, உள்தொடை, முழங்காலின் உட்புறம் இவற்றில் எங்கே கொழுப்பு இருக்கிறதோ அங்கிருந்து எடுப்போம். மரத்துப்போகும் மருந்தும் ரத்தக்குழாயைச் சுருக்கும் அட்ரினலினும் கலந்த உப்புநீரை முதலில் அங்கே செலுத்துவோம். கால் மணி நேரம் போல விட்டு, சில மில்லிமீட்டர் துளை வழியாக மழுங்கிய முனையுள்ள மெல்லிய குழாயை நுழைத்து, கையாலேயே சிரிஞ்சின் பின்தண்டை மெதுவாக இழுத்துக் கொழுப்பை எடுப்போம். உடம்புக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் பெரிய லைப்போசக்ஷன் இயந்திரத்தின் வேகம் இதற்கு வேண்டாம், அதிக உறிஞ்சலில் செல்கள் உடையும். எடுத்த சிரிஞ்சைச் செங்குத்தாக நிற்க வைத்தாலே உள்ளே இருப்பது பிரிவது தெரியும். அடியில் ரத்தம் கலந்த இளஞ்சிவப்பு நீர், நடுவில் வெளிர்மஞ்சளாகக் கொழுப்பு, மேலே உடைந்த செல்களிலிருந்து வந்த எண்ணெய்ப் படலம். நமக்கு வேண்டியது நடுவில் இருப்பது மட்டும். சிலர் மையவிலக்கு இயந்திரத்தில் சுழற்றிப் பிரிப்பார்கள், சிலர் வடிகட்டுவார்கள், சிலர் கழுவுவார்கள். எங்கள் முறைதான் சிறந்தது என்று ஒவ்வொரு தரப்பும் சொல்லும். ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் தெளிவான வெற்றியாளர் என்று யாரும் இல்லை. ஆகவே மருத்துவமனை எந்த இயந்திரம் வைத்திருக்கிறது என்பதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

பிரித்த கொழுப்பை 1 மில்லி சிரிஞ்சுகளுக்கு மாற்றுவோம். முகத்தில் ஊசி நுனியால் ஒரு சிறு துளை, அதன் வழியே கேனுலா என்ற மழுங்கிய மெல்லிய குழாய். கேனுலாவை உள்ளே கொண்டுபோய், பின்னால் இழுக்கும்போது மட்டும் பின்தண்டை அழுத்துவோம். ஒரு இழுப்புக்கு 0.1 மில்லிக்கும் குறைவாகத்தான் விழ வேண்டும். பிறகு வேறு ஆழம், வேறு கோணம், இன்னொரு இழுப்பு. கன்னத்தில் பக்கத்துக்கு 3 முதல் 6 மில்லி வரை போகும் என்றால் எத்தனை இழுப்பு ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். முழு முகத்துக்கும் சேர்த்து இரண்டு, மூன்று மணி நேரம் ஆவது இதனால்தான். அரை மணியில் முடித்து அனுப்பிவிடுகிறோம் என்று யாராவது சொன்னால், எதை விட்டுவிட்டு அவ்வளவு சீக்கிரம் முடிக்கிறார்கள் என்று கேளுங்கள்.

இவ்வளவு பொறுமை ஏன் என்றால், எடுத்த கொழுப்புக்கு ரத்த ஓட்டம் அறுந்துவிட்டது. புது இடத்தில் புதிய ரத்தக்குழாய்கள் வந்து சேரும்வரை, முதல் சில நாட்கள் அக்கம்பக்கத்துத் திசுவிலிருந்து ஊறி வரும் ஆக்ஸிஜனை வைத்துத்தான் அது பிழைக்க வேண்டும். அந்த ஊறல் மில்லிமீட்டரின் ஒரு சிறு பங்கு தூரத்துக்குத்தான் எட்டும். பெரிய உருண்டையாகப் போட்டால் வெளிவிளிம்பு பிழைக்கும், அதற்கு உள்ளே இருப்பதில் கொழுப்புச் செல்கள் இறந்து மூலச் செல்களிலிருந்து (ஸ்டெம் செல்) கொஞ்சம் புதிதாக முளைக்கும், நடுப்பகுதி மொத்தமாகச் செத்து எண்ணெய்க் கட்டியாகவோ வடுவாகவோ மாறும். நாற்றைக் கட்டுக் கட்டாக ஒரே குழியில் திணித்தால் என்ன ஆகுமோ அதேதான்.

இந்தச் சிகிச்சையின் வரலாறும் ஏறக்குறைய இந்த ஒரு சிக்கலைச் சுற்றித்தான் ஓடுகிறது. 1893இலேயே ஜெர்மன் அறுவை மருத்துவர் குஸ்டாவ் நோய்பர் கையிலிருந்து கொழுப்புத் துண்டுகளை எடுத்து முகத்தின் குழிவான வடுக்களை நிரப்பினார். சிறு துண்டுகள்தான் பிழைக்கின்றன என்பதை அப்போதே கவனித்திருந்தார். 1950இல் லிண்டன் பியர் என்பவர், நட்ட கொழுப்பில் ஏறக்குறைய பாதி ஓராண்டில் மறைந்துவிடுகிறது என்று அளந்து காட்டினார். 1980களில் லைப்போசக்ஷன் பரவியபோது திரவமாகக் கொழுப்பு கிடைத்தது, எல்லாரும் உற்சாகமாகச் செலுத்தினார்கள், பலருக்கு அது சில மாதங்களில் காணாமல் போனது, சிகிச்சைக்கே கெட்ட பெயர் வந்தது. 1990களில் நியூயார்க்கைச் சேர்ந்த சிட்னி கோல்மன்தான் மெதுவாக எடுப்பது, 3 நிமிடம் சுழற்றிப் பிரிப்பது, துளித்துளியாகப் பல அடுக்குகளில் வைப்பது என்று ஒரு ஒழுங்கைக் கொண்டுவந்தார். இன்று நாங்கள் செய்வது பெரும்பாலும் அதன் வழிவந்ததே.

அப்படியெல்லாம் ஒழுங்காகச் செய்தும் எவ்வளவு நிற்கிறது? ஆய்வுகளில் 30 முதல் 70 சதவீதம் என்று பரந்து கிடக்கிறது, அதற்கு மேலும் கீழும்கூட வந்திருக்கிறது. சிலர் முப்பரிமாணப் படத்தால் அளந்தார்கள், சிலர் சிடி ஸ்கேனால், சிலர் கண்ணால் பார்த்து மதிப்பெண் போட்டார்கள், அளந்த மாதமும் ஆளுக்கு ஆள் வேறு. ஆகவே இந்த எண்களை ஒன்றோடொன்று கூட்டி ஒரு சராசரி சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. என் அனுபவத்தில் ஒரே நபரின் வலது கன்னமும் இடது கன்னமும்கூட ஒரே அளவு பிடிப்பதில்லை. அசைவு குறைவான இடங்களான கன்னத்தின் மேல்பகுதி, நெற்றிப்பொட்டு போன்றவற்றில் பொதுவாக நன்றாக நிற்கும். ஓயாமல் அசையும் உதட்டில் மோசமாக நிற்கும். புகைப்பவர்களுக்குச் சின்ன ரத்தக்குழாய்கள் சுருங்கியே இருப்பதால், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் குறைந்தது நான்கு வாரங்கள் நிறுத்தச் சொல்வோம். நிறுத்த மாட்டேன் என்பவருக்கு நான் செய்வதில்லை.

எப்படியும் பாதி போய்விடும், அதனால் இப்போதே இரண்டு மடங்கு போட்டுவிடுகிறேன் என்று சிலர் செய்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எதிர்பார்த்ததைவிட அதிகம் பிடித்துவிட்டால் திரும்ப எடுப்பது பெரும்பாடு. கொஞ்சம் குறைவாக வைத்து, போதவில்லை என்றால் ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை செய்வதே எனக்குப் பிடித்த வழி. அதனால்தான் ஒரேமுறை என்ற வாக்குறுதியை நான் கொடுப்பதில்லை. ஒருமுறையோடு நிறைவாகப் போகிறவர்கள் நிறையப் பேர் உண்டு, ஆனால் இரண்டாவது தடவைக்கும் மனதும் செலவும் தயாராக இருக்கிறவர்கள்தான் இதில் இறங்க வேண்டும்.

முதல் மூன்று மாதங்களைப் பற்றி யாரும் சரியாகச் சொல்வதில்லை, அதனால் விவரமாகச் சொல்கிறேன். முதல் மூன்று, நான்கு நாட்கள் முகம் வீங்கும். கண்ணிமை இடுங்கிப் போகலாம், கன்றிப்போன நீலம் கழுத்துவரை இறங்கும், கண்ணாடியில் பார்த்தால் நீங்கள்தானா என்று இருக்கும். கொழுப்பு எடுத்த இடம்தான் முகத்தைவிட அதிகம் வலிக்கும், சில வாரங்களுக்குத் தொட்டால் கட்டி கட்டியாக இருக்கும். இரண்டு வாரத்தில் வெளியே போகிற நிலைக்கு வந்துவிடுவீர்கள். மூன்றாவது, நான்காவது வாரத்தில் முகம் மிக அழகாகத் தெரியும். அதில் மிச்ச வீக்கமும் கலந்திருக்கிறது, ஏமாந்துவிடாதீர்கள். இரண்டாம் மாதத்தில் வீக்கம் வடிந்து, பிழைக்காத கொழுப்பும் கரைய, எல்லாம் போய்விட்டது என்று அழுதுகொண்டு வருகிறவர்கள் உண்டு. அதுவும் முடிவல்ல. மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் ஒரு நிலைக்கு வரும், அப்போது இருப்பதுதான் உங்களுடையது. அதுவரை முகத்தைத் தேய்த்துவிடாமல், குப்புறப் படுக்காமல் முதல் சில வாரங்களைக் கடத்தினால் போதும். விசேஷம் ஏதாவது வைத்திருக்கிறீர்கள் என்றால் குறைந்தது மூன்று மாதம் முன்பே செய்துகொள்ளுங்கள்.

இப்போது உங்கள் விஷயத்தில் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பிடித்துக்கொண்ட கொழுப்பு உயிருள்ள திசு. வயிற்றில் இருந்தபோது எடைக்கு ஏற்பப் பெருத்து இளைத்ததோ, முகத்துக்கு வந்த பிறகும் அப்படியே செய்யும். இன்னும் எடை குறைந்துகொண்டிருக்கும்போது செலுத்தினால், கஷ்டப்பட்டுப் பிடித்த கொழுப்பும் சேர்ந்து இளைக்கும். மறுபக்கம், ஊசியை நிறுத்திய பிறகு எடை திரும்ப ஏறுவது பலருக்கு நடக்கிறது. அப்படி ஏறினால், ஒட்டிய முகத்துக்காக வைத்த கொழுப்பு வீங்கிக் கன்னம் பந்தாகும். ஆக, இரண்டு பக்கமும் இடி. எடை ஆறு மாதமாவது ஒரே இடத்தில் நின்ற பிறகுதான் நான் எடுத்துச் செய்வேன். ஊசியைத் தொடரப்போகிறீர்களா, எந்த அளவில் தொடரப்போகிறீர்கள் என்பதை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் முதலில் பேசி முடிவுசெய்யுங்கள். அப்புறம் இன்னொன்று: இந்த ஊசிகள் வயிற்றிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்துகின்றன. மயக்கமோ ஆழ்ந்த தூக்க மருந்தோ கொடுக்கும்போது வயிற்றில் உணவு மிச்சம் இருந்தால் அது நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. மயக்க மருந்து நிபுணரிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள், அழகு சிகிச்சைதானே என்று விட்டுவிடாதீர்கள்.

கண்ணுக்குக் கீழே உள்ள பள்ளத்தையும் சேர்த்துச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முகத்திலேயே என் கை மிகவும் தயங்குகிற இடம் அது. அங்கே தோல் தாள்போல மெல்லியது. ஒரு துளி கூடுதலாக விழுந்தாலும், ஒரு சொட்டு மேல்மட்டத்தில் விழுந்தாலும் வரிவரியாகவோ முத்துப்போலவோ வெளியே தெரியும், சிரிக்கும்போது இன்னும் தெரியும். ஸ்டீராய்டு ஊசியால் கொஞ்சம் சுருக்கலாம், ஆனால் அது சுற்றியிருக்கும் தோலையும் மெலியவைக்கக்கூடும். இல்லையென்றால் திறந்துதான் எடுக்க வேண்டும். எலும்பை ஒட்டி, மிக நுண்ணிய கொழுப்பாக, மிகக் குறைவாக வைத்தால் நன்றாக வருகிறது. ஆனால் முதல் தடவையிலேயே கண்ணடியை முழுதாக நிரப்பித் தருகிறேன் என்கிற மருத்துவரைவிட, முதலில் கன்னத்தைத் தூக்கிவிட்டுக் கண்ணடி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கலாம் என்கிற மருத்துவரை நான் நம்புவேன்.

ஆபத்துகளில் பெரும்பாலானவை சின்னவை: சமச்சீரின்மை, சிறு கட்டிகள், எண்ணெய்ப் பைகள், எப்போதாவது தொற்று, சில மாதங்களுக்கு மரத்த உணர்வு. பெரியது ஒன்று இருக்கிறது. புருவ மத்தியிலும், மூக்கின் மேலும், நெற்றியிலும் ஓடும் சில சிறிய தமனிகள் கண்ணுக்கு ரத்தம் கொடுக்கும் தமனியின் கிளைகள். கேனுலாவோ ஊசியோ அவற்றில் ஒன்றுக்குள் நுழைந்து, அழுத்தத்தோடு கொழுப்பு உள்ளே போனால், ரத்தத்தின் போக்குக்கு எதிராகப் பின்னோக்கித் தள்ளப்பட்டு விழித்திரைக்குப் போகும் குழாயை அடைத்துவிடும். சில சமயம் இன்னும் மேலே ஏறி மூளையில் பக்கவாதத்தை உண்டாக்கும். விழித்திரை ரத்தம் இல்லாமல் தாக்குப்பிடிப்பது நிமிடக் கணக்கில்தான். 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், முகத்தில் நிரப்பிகள் செலுத்திப் பார்வை பாதித்ததாக அதுவரை உலகெங்கும் பதிவான 98 சம்பவங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். அதில் கிட்டத்தட்ட பாதி, சொந்தக் கொழுப்பால் வந்தவை. புருவ மத்தியும் மூக்கும்தான் அதிகம் அடிபட்ட இடங்கள். உலகில் செய்யப்படும் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் 98 என்பது மிகச் சொற்பம், பதிவாகாமல் போனவையும் இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சொந்தக் கொழுப்பு என்பதால் உடம்பு ஒவ்வாமை காட்டாது, உண்மைதான். ஆனால் ரத்தக்குழாயை அடைக்கும் விஷயத்தில் சொந்தம் வேறு என்ற பேதமே கிடையாது.

இதை முழுவதும் ஒழிக்க முடியாது, வெகுவாகக் குறைக்கலாம். கூரான ஊசிக்குப் பதில் மழுங்கிய கேனுலா, முகத்திலும் முன்கூட்டியே ரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்து, சின்ன சிரிஞ்சு, மிகக் குறைந்த அழுத்தம், கேனுலா நகர்ந்துகொண்டிருக்கும்போது மட்டும் செலுத்துவது. இவை எல்லாம் கைப்பழக்கம். புருவ மத்தியில் உள்ள கோட்டுக்குக் கொழுப்பு வேண்டும் என்று கேட்டு வருபவர்களை நான் திருப்பி அனுப்புகிறேன், அந்தக் கோட்டுக்கு அவ்வளவு பெரிய விலை தேவையில்லை.

ஃபில்லரோடு ஒப்பிட்டால் கணக்கு இப்படி வருகிறது. ஹையலூரானிக் அமில ஃபில்லரைப் பிடிக்கவில்லை என்றால் ஹையலூரானிடேஸ் என்ற நொதியைச் செலுத்திக் கரைத்துவிடலாம், ரத்தக்குழாய் அடைப்பு வந்தாலும் அதே நொதிதான் முதல் ஆயுதம். கொழுப்புக்கு அப்படி ஒரு மாற்று மருந்து இல்லை. ஃபில்லர் ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டு வரை நிற்கும் என்று சொல்வார்கள், சில இடங்களில் அதற்குப் பல ஆண்டுகள் பிறகும் எச்சம் இருப்பது எம்ஆர்ஐ ஸ்கேனில் தெரிந்திருக்கிறது. ஆனால் அது 1 மில்லி கணக்கில் வருவது. உங்களைப் போல முழு முகமும் வற்றியவருக்கு நிறைய சிரிஞ்சு வேண்டியிருக்கும், திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். சின்னப் பள்ளம், முதல் அனுபவம், முடிவில் தயக்கம் இருக்கிறது என்றால் ஃபில்லர். பரவலான கன இழப்பு, நிலையான எடை, எடுக்கக் கொழுப்பு இருக்கிறது, அறுவை சிகிச்சையின் தொல்லையைத் தாங்கத் தயார் என்றால் கொழுப்பு. தளர்வு அதிகம் என்றால் இரண்டும் தனியாகப் போதாது, முகத் தோலைத் தூக்கும் அறுவை சிகிச்சையோடு சேர்த்துக் கொழுப்பைச் செலுத்துவதுதான் சரியாக வரும். இதற்கு முன் ஃபில்லர் போட்டிருந்தால், எங்கே எது என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இனி சந்தேகமானவை. கொழுப்பில் மூலச் செல்கள் இருப்பது 2001இலிருந்து நன்கு தெரிந்த விஷயம். செலுத்திய இடத்தில் தோலின் நிறமும் மிருதுவும் மேம்படுவதை நானும் பார்த்திருக்கிறேன், கதிர்வீச்சு பட்ட தோலில் அது இன்னும் தெளிவாகத் தெரியும். அதை வைத்து ஸ்டெம் செல் முகப்பொலிவு என்று தனியாக விலை வைத்து விற்பதற்கு ஆதாரம் போதாது. நானோஃபேட் என்பதும் இப்படித்தான். கொழுப்பைத் தட்டித் தட்டிப் பால்போல ஆக்கி வடிகட்டியது அது, 2013இல் பெல்ஜியத்து மருத்துவர் டோனார்ட் குழுவினர் பெயரிட்டது. அதில் முழுக் கொழுப்புச் செல்கள் ஏறக்குறைய இல்லை, அதனால் பள்ளத்தை நிரப்பாது. நுண்சுருக்கத்துக்கும் கண்ணடிக் கருமைக்கும் சிலருக்குப் பயன் தெரிகிறது, பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் குறைவு. ரத்தத்திலிருந்து எடுக்கும், தட்டணுக்கள் செறிந்த பிஆர்பி என்ற திரவத்தைக் கலந்தால் அதிகம் பிடிக்கும் என்பதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. மிச்சக் கொழுப்பை உறைய வைத்து அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்கிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், சாதாரணமாக உறைய வைத்ததில் பெரும்பாலான செல்கள் பிழைப்பதில்லை.

உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை, தொட்டுப் பார்க்கவில்லை. இரண்டு கன்னத்திலும் தோல் எவ்வளவு தடிமன், எலும்பு எப்படி, வயிற்றில் எடுக்கத் தேவையான கொழுப்பு மிச்சம் இருக்கிறதா என்பதெல்லாம் நேரில்தான் தெரியும். 16 கிலோ குறைத்தவர்களில் சிலருக்கு உள்தொடையில் கொஞ்சம் எடுப்பதே பெரும்பாடாக இருக்கும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா என்று எழுதவில்லை. அவை இருந்தால் முடிவு மாறும்.

ஆலோசனைக்குப் போகும்போது மருத்துவரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. முகத்தில் கொழுப்பு செலுத்துவதைத் தொடர்ந்து செய்கிறாரா, முழுதாக அவரே செய்வாரா, செய்து ஓராண்டு ஆனவர்களின் படங்களைக் காட்டுவாரா. மூன்றாவது வாரப் படங்களை மட்டும் காட்டினால் அதில் பாதி வீக்கம் என்று இப்போது உங்களுக்கே தெரியும். ஒருவேளை ரத்தக்குழாய் அடைத்தால் என்ன செய்வீர்கள், எந்தக் கண் மருத்துவரை அழைப்பீர்கள் என்றும் கேளுங்கள். இந்தக் கேள்விக்குக் கோபப்படுகிறவரிடம் முகத்தைக் கொடுக்க வேண்டாம். இரண்டாவது தடவை தேவைப்பட்டால் செலவு யாருடையது என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கையோடு உங்களுடைய பழைய படங்கள் சிலவற்றையும் எடுத்துப் போங்கள். எடை கூடுவதற்கு முன், முப்பது முப்பத்தைந்து வயதில் எடுத்தவை நல்லது. ஒப்பனை அதிகம் இல்லாமல், நேராகவும் பக்கவாட்டிலும் முகம் தெரிகிறவை. உங்கள் கன்னத்தின் மேடு எந்த உயரத்தில் இருந்தது, நெற்றிப்பொட்டு எப்போதாவது நிறைந்திருந்ததா, இல்லை பிறவியிலேயே கொஞ்சம் குழிந்த வாகா என்பது அவற்றில்தான் தெரியும். நடிகை படத்தைக் கொண்டுவருகிறவர்களைவிடத் தங்கள் பழைய படத்தைக் கொண்டுவருகிறவர்களுக்கு வேலை செய்வது எங்களுக்கு எளிது, எங்கே எத்தனை மில்லி என்ற கணக்கை அந்தப் படத்தை வைத்தே போட ஆரம்பித்துவிடலாம்.